அப்பாவின் இடைவெளியும் பூச்சியின் இடைவெளியும்

ஏழாம் மாதம், பதினொன்று

முழங்கைப் பகுதியை எழுதுவது இது நான்காவது தடவை. இனி ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன் என்று தூரிகையைப் போட்டுவிட்டு எழுந்து போனேன். அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து எழுதினேன். வேறு யார் எழுதுவது? என் வீட்டுக்காரருடைய வலது கை மடங்கினால் விரியாது, விரிந்தால் மடங்காது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஊசி வைத்தியத்துக்கு, மூங்கில் பட்டைகளில் எழுதிய மூன்று பழைய நூல் கட்டுகள் இருக்கின்றன. மூன்றும் மூன்று விதமாகப் பேசுகின்றன. முழங்கை மடிப்பில் இருக்கிற ஒரு குழியில் ஏழு மூச்சு நேரம் ஊசி நிற்க வேண்டும் என்கிறது ஒன்று. மூன்று மூச்சு போதும் என்கிறது இன்னொன்று. மூன்றாவது அப்படி ஒரு குழியே இல்லை என்கிறது. இவர் மூன்றையும் பிரித்து ஒரே நூலாகக் கட்டப் போகிறாராம். காற்றுநோய் வந்து வலப்பக்கம் மரத்துப்போன வருடம் ஆரம்பித்தது இது. தன் காலைத் தானே சரிசெய்துகொள்ளத்தான் படிக்கத் தொடங்கினார். ஆறு வருடம் ஆகிவிட்டது. கால் அப்படியே இருக்கிறது, நூல் மட்டும் வளர்கிறது.

கெட்டுப்போன தாள்களின் முதுகில் இதை எழுதுகிறேன். திருப்பிப் பார்க்க மாட்டார். அவருக்கு ஊசி குத்துகிற முதுகைத் தவிர வேறு முதுகு தெரியாது.

ஏழாம் மாதம், பதினான்கு

கிணறு தோண்ட வந்த ஆள் ஓடிப்போய்விட்டான். என் தம்பி கூய் செய்த வேலை.

அந்த ஆள் சாதாரணமாகத்தான் கேட்டான், கிணறு எவ்வளவு என்று. கேட்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டான். கூய் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தான். ஊர் அலுவலகத்தில் எழுத்தனாக இருப்பவன், எதையும் முறைப்படிதான் செய்வான். வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அந்த ஆள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பாதிக் கிணறு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது.

அது எங்கள் அப்பாவின் பெயர். செத்துப்போன அப்பாவின் பெயரைப் பிள்ளைகள் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது, காதில் விழுந்தால் அழ வேண்டும். நல்ல குடும்பத்தில் எல்லாருக்கும் இதுதான். ஆனால் மற்றவர்களின் அப்பாக்களுக்கு மலை, மேகம், மாணிக்கம் என்று வருடத்துக்கு ஒரு தடவை வாயில் வருகிற பெயர்கள். எங்கள் தாத்தாவுக்கு ஏன் இப்படித் தோன்றியதோ. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் சொல்வோமே, மேலோட்டம் என்பதற்கு நேர் எதிராக, அந்தச் சொல். தினமும் பத்துத் தடவை தேவைப்படுகிற சொல்.

"அக்கா, உனக்குக் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலையே" என்றான் கூய்.

"நான் காலையிலேயே அழுது முடிச்சிட்டேன்" என்றேன்.

ஏழாம் மாதம், பத்தொன்பது

மறுபடியும் இடைவெளிச் சண்டை. மாதத்துக்கு ஒரு தடவை வராவிட்டால் இவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஊசி நூல் முழுக்க அப்பாவின் சொல்தான். ஊசி உள்ளே எவ்வளவு போகலாம், எவ்வளவு போகக் கூடாது, அதுதானே நூலே? இவர் சொல்லச் சொல்ல நான் எழுதும்போது, அந்த இடம் வந்தால் மாமனாருக்கு மரியாதையாக ஒரு கனைப்புக் கனைப்பார். ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துதானே, நான் ஒரு எழுத்துக்கு இடம் விடுவேன். சரிதானே? அதோடு பூச்சி வேறு. பழைய மூங்கிலைப் பூச்சி தின்ற இடத்தில் என்ன எழுத்து இருந்தது என்று யூகிக்கவே விடமாட்டார். தெரியாததைத் தெரியாதது என்றே விட வேண்டுமாம். அங்கேயும் ஒரு இடைவெளி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி.

"பூச்சி தின்னதுக்குச் சிவப்புல ஒரு புள்ளி வை. எத்தனை தடவை சொல்றது?"

"என் கைதானே விட்டுது? எனக்குத் தெரியாதா எது எதுன்னு?"

"உனக்குத் தெரியும். உனக்கப்புறம்?"

எனக்கப்புறம் என்னவாம். நான் எங்கே போகிறேன்? குறி வைக்கத்தான் வேண்டும். சிவப்பு மை இடிக்க வேண்டும். துணி துவைக்கிற நாள் போகட்டும்.

ஏழாம் மாதம், இருபத்தேழு

கல்தூள் மருந்து சாப்பிட்டிருக்கிறார். படித்த ஆண்கள் எல்லாரும் சாப்பிடுகிறார்களாம், உடம்பு லேசாகுமாம். சாப்பிட்டால் உள்ளே எரியும், பச்சைத் தண்ணீர் குடித்து நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்கிற மனுஷன். என் தோளில் தொங்கிக்கொண்டு முசுக்கொட்டை மரத்தை எட்டுச் சுற்று சுற்றினார். சுற்றும்போதும் வாய் ஓயவில்லை, காதுக்குப் பின்னால் இருக்கிற நரம்பைப் பற்றி. என் தோள் இறங்கிவிட்டது. என் தோளுக்கு அந்த நூலில் எங்கே குத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எட்டாம் மாதம், இரண்டு

வைத்தியர் கோவ் வந்தார், ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரர். போன இலையுதிர்காலத்தில் வாங்கிக்கொண்டு போன நூலின் முதல் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டாராம். வருடம் முழுக்க அதைப் பார்த்துத்தான் குத்துகிறாராம். அவரிடமிருந்து இன்னும் இரண்டு பேர் பிரதி எடுத்திருக்கிறார்களாம். இவருக்கு வாயெல்லாம் பல்.

கஞ்சியும் ஆட்டுக்கறியும் வைத்தேன். கோவ் தன் பிரதியைக் காட்டினார். நல்ல கையெழுத்து, நெருக்கமாக, ஒரு விரல் இடமில்லாமல்.

"இடைவெளியெல்லாம் எங்க?" என்றார் இவர்.

"தாள் கெடைக்கிற லட்சணத்துல வெறும் எடத்தையுமா பிரதி எடுப்பாங்க? எல்லாத்தையும் நெருக்கிச் சேத்து எழுதிட்டேன்."

அவ்வளவுதான். கட்டிலிலிருந்து தானாக எழ முடியாதவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வெறும் இடம் இல்லை, அதுதான் நூலிலேயே நேர்மையான இடம் என்று கத்தினார். கோவ் பயந்துபோய், சரி, எந்த இடைவெளி என்ன என்று குறித்துக் கொடுங்கள், என் பிரதியில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நாளைக்குக் கட்டாயம் உட்கார்ந்து குறித்துவிட வேண்டும்.

எட்டாம் மாதம், நான்கு

உட்கார்ந்தேன். அறுபத்து மூன்று இடைவெளிகள். முதல் எட்டு தெரிந்தது. ஒன்பதாவது தெரியவில்லை.

எட்டாம் மாதம், ஐந்து

காலையில் எழுப்பப் போனேன். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கூப்பிட்டேன். என்னைப் பார்க்கிறார், சத்தம் வரவில்லை. நாக்கு வெளியே நீட்டவே வரவில்லை. கூய் கழுதையில் ஏறி அக்கரைக்குப் போயிருக்கிறான் கோவைக் கூட்டிவர.

நேற்று ராத்திரி, "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டீங்களா" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன்.

எட்டாம் மாதம், ஆறு

கோவ் கையிலும் காலிலும் குத்தினார். காய்ந்த மாசிபத்திரி இலையைக் கொளுத்திப் பாதத்தில் சூடு போட்டார். ஒன்றும் அசையவில்லை. நாக்கு மடங்கி உள்ளே போனால் நாளைக்கு விழுங்க முடியாது, விழுங்க முடியாவிட்டால் நான்கைந்து நாள்தான் என்று என்னிடம் வாசலில் வைத்துச் சொன்னார். நேராகச் சொல்கிறவர். அதற்கு நன்றி.

நாக்குக்கு ஒரே ஒரு இடம் இருக்கிறதாம். பின்கழுத்தில், முடி தொடங்குகிற இடத்துக்குக் கீழே ஒரு குழி. குளிர்வாசல் என்று பெயர். "ஆனா அங்க குத்தக் கூடாதே அண்ணி" என்றார். "நீங்க எழுதின நூல்தான் சொல்லுது. நாக்கு அடைச்சா குளிர்வாசல். இந்த இடத்தில் குத்தக் கூடாது. ரெண்டு வரியும் அடுத்தடுத்து. எனக்கும் இது புரியவே இல்ல."

என் பிரதியை எடுத்துப் பிரித்தேன். குத்தக் கூடாது என்பதற்கு முன்னால் ஒரு எழுத்து இடைவெளி இருக்கிறது.

யாருடையது? அப்பாவுடையது என்றால் பயமில்லை, கொஞ்சமாகக் குத்தலாம், அதிகம் உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான் அர்த்தம். பூச்சியுடையது என்றால் அங்கே என்ன இருந்ததோ. 'ஒருபோதும்' என்று இருந்திருக்கலாம். ஒருபோதும் குத்தக் கூடாது. குத்தினால் அங்கேயே செத்துப்போவார்.

என் கைதான் விட்டது. எனக்குத்தான் தெரியுமே. தெரியுமாம். ஒரு சிவப்புப் புள்ளி வைக்க மூன்று வருடம் சோம்பல்பட்ட கை. துணி துவைக்கிற நாளாம். வெட்டிப் போட்டால் என்ன இதை.

இவரையே கேட்டேன். கனைச்சீங்களா, பூச்சின்னு சொன்னீங்களா? ஆமாம் என்றால் கண்ணை மூடுங்கள் என்றேன். அப்பாவுடையதா? மூடினார். பூச்சியா? மூடினார். நான் கழுதையா என்றேன். அதற்கும் மூடினார்.

எட்டாம் மாதம், ஏழு

மூலக் கட்டு, எங்களுக்கு இரவல் கொடுத்த ஃபெங் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. போக ஒரு நாள், வர ஒரு நாள். நான் இவரை விட்டுப் போக முடியாது. கூயை அனுப்பினேன். அவன் வரும்வரை கோவ் இங்கேயே தங்குகிறார்.

போவதற்கு முன்னால் ஒரு பாடு பேசினான். அந்த எழுத்து அங்கே இருந்தால் அதைத் தான் படிக்கக் கூடாது, எழுதிக்கொண்டு வரவும் கூடாது. எப்படிச் சொல்வது? "அதையெல்லாம் போற வழியில யோசி" என்று கழுதையை நானே தட்டிவிட்டேன்.

எட்டாம் மாதம், எட்டு

தினைக் கஞ்சித் தண்ணீர். ஐந்து கரண்டி கொடுத்தால் நாலு வெளியே வருகிறது. வீட்டில் இவ்வளவு அமைதி இருந்ததே இல்லை. பேசித் தொலையுங்களேன். முழங்கையைப் பற்றியாவது பேசுங்களேன்.

எட்டாம் மாதம், ஒன்பது

மதியம் கூய் வந்தான். கழுதையைக் கட்டக்கூட இல்லை. முகமெல்லாம் புழுதி, புழுதியில் இரண்டு கோடு. வாசலில் மண்டியிட்டு அழுதான்.

எனக்குப் புரிந்துவிட்டது. மூங்கிலில் அப்பா இருக்கிறார். பூச்சி இல்லை. கோவிடம் ஓடினேன், குத்துங்கள், தம்பி அழுதுவிட்டான் என்றேன். என் வாழ்க்கையில் இப்படி ஒரு வாக்கியம் சொல்வேன் என்று நினைத்ததே இல்லை.

கோவ் ஊசியைக் கையில் எடுக்கவில்லை.

"அழுதார், பாத்தேன். அவரோட அத்தானைப் பாத்து அழுதாரா, எழுத்தைப் பாத்து அழுதாரா? எனக்கு ஒரு யூகம் இருக்கு அண்ணி. யூகத்துல ஒருத்தர் பின்கழுத்துல ஊசி எறக்க மாட்டேன். அந்த வரியை முழுசா சொல்லுங்க."

கூயைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. "அக்கா, அப்பா" என்றான். அப்பா என்றால்? அப்பா செத்து ஏழு வருடம் ஆகிறது. அவருக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. உள்ளே படுத்திருப்பவருக்குத்தான் ஆகும். இதை யாராவது எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா?

"இதானான்னு மட்டும் சொல்லு" என்று கூயிடம் சொல்லிவிட்டு, சொன்னேன். அந்த வரியை, ஒரு எழுத்து விடாமல். மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்கும். கூய் காதைப் பொத்திக்கொண்டே தலையை ஆட்டினான், ஆமாம் என்று. அப்புறம் எழுந்து போய்விட்டான்.

கோவ் இவரைக் கவிழ்த்துப் போட்டுக் குத்தினார். ஒரு அரிசி மணி அளவுதான் உள்ளே போனது. நான் மூச்சை எண்ணினேன்.

வாய் சொல்லிவிட்டது. எழுதக் கைக்கு இன்னும் வரவில்லை, இந்தத் தாளில்கூட.

எட்டாம் மாதம், பத்து

ஒன்றும் இல்லை. மறுபடியும் குத்தினார்.

எட்டாம் மாதம், பதினொன்று

ஏழு கரண்டியில் நாலு உள்ளே போனது.

எட்டாம் மாதம், பன்னிரண்டு

பேசினார். கஞ்சியை வாயருகே கொண்டுபோகும்போது உதடு அசைந்தது. குனிந்தேன். குழறிக் குழறி வந்தது.

"பு... புள்ளி."

ஏழு நாள் ஊமையாகக் கிடந்த மனுஷன் வாய் திறந்து பெண்டாட்டியிடம் சொல்கிற முதல் வார்த்தை. கரண்டியை வைத்துவிட்டு அழுதேன். சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை.

கோவிடம் சொல்ல வெளியே போனேன். அவர் படியில் உட்கார்ந்திருந்தார், முகம் சரியில்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "போன குளிர்காலத்துல" என்று ஆரம்பித்தார். சூளைக்காரர் ஒருவரின் மனைவி, இதே மாதிரி நாக்கு அடைத்துப்போனது. புருஷன் கையெடுத்துக் கும்பிட்டான். நூலைப் பிரித்துப் பார்த்தார். குத்தக் கூடாது என்று போட்டிருந்தது. குத்தாமல் அனுப்பிவிட்டார். வசந்தம் வருவதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள், சாப்பாடு இறங்காமல்.

"குத்தியிருந்தா பொழைச்சிருப்பாளான்னு தெரியாது அண்ணி. ஆனா நான் குத்தலையே."

அவர் இடைவெளியை மூடினார். நான் விட்டேன். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

எட்டாம் மாதம், இருபத்தொன்று

இவரைக் கோவிடம் விட்டுவிட்டு ஃபெங் வீட்டுக்குப் போய்வந்தேன், மூன்று நாள் அங்கேயே தங்கி. அறுபத்து மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டேன். இருபது பூச்சி. நாற்பத்தொன்று அப்பா. மீதி இரண்டில் அப்பாவும் இல்லை பூச்சியும் இல்லை, மூங்கிலில் எழுத்துகள் நன்றாகவே இருக்கின்றன. எழுதும்போது நான் தூங்கி விழுந்திருக்கிறேன்.

பூச்சிக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தாகிவிட்டது. அப்பாவுடைய நாற்பத்தொன்றை இன்னும் தொடவில்லை.

எட்டாம் மாதம், இருபத்தாறு

இவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறார். அதில் எட்டு திட்டு. இடது கால் சூடாக இருக்கிறது, அடுப்பு புகைகிறது, நான் முழங்கையை மறந்துவிட்டேன். ஆனால் அந்த நாற்பத்தொன்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சண்டை போடலாம். கேட்காவிட்டால் என்ன செய்வது?

ஒன்பதாம் மாதம், ஒன்பது

சாமந்தி மது குடிக்கிற நாள் என்று கூய் வந்தான். ஒரு மாதமாக வாசலை மிதிக்காதவன். மதுக் குடத்தை வைத்துவிட்டு, அத்தானை விசாரித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினான். அப்பாவின் சமாதிக்குப் போய் எனக்காக மன்னிப்புக் கேட்டானாம்.

"இடைவெளியை அப்படியே விடு அக்கா. பக்கத்துல ஒரு குறி போடு. இது எங்க அப்பாவோட எழுத்துன்னு."

"அக்கரையில எவனுக்கு நம்ம அப்பா பேரு தெரியும்? மூணு பேரு ஏற்கெனவே இடைவெளியில்லாம சேத்து எழுதிட்டாங்க. அவங்ககிட்ட இருந்து எத்தனை பேரோ."

"ஜனங்க என்ன சொல்லுவாங்க? அப்பா பேரை நாப்பது தடவை எழுதின பொண்ணுன்னு."

அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பாவும் அதே ஊர் அலுவலகத்தில் எழுத்தர்தானே? சின்ன வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் அவர்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். தப்பாக எழுதினால் ஒன்றும் சொல்ல மாட்டார், சுரண்டிவிட்டு மறுபடி எழுதச் சொல்வார். விட்டு எழுதினால்தான் அடி. ஒரு எழுத்துக்கு ஒரு அடி, விரல் கணுவில், மூங்கில் பட்டையால். அதைச் சொன்னேன். "நாப்பத்தொரு எழுத்து விட்டிருக்கேன்டா. அவரு இருந்திருந்தா எனக்கு வெரலே இருந்திருக்காது. இதுவா அவருக்கு மரியாதை? சூளைக்காரன் பொண்டாட்டிகிட்டப் போய் நீ இதைச் சொல்லுவியா?"

கூய் மதுவைக் குடிக்காமலே போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் குடித்தோம். இவர் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

ஒன்பதாம் மாதம், பதினேழு

காலையில் குளித்து, வெள்ளை உடுத்தி, நூலைப் பிரித்து வைத்தேன். துக்க நாளில் உடுத்துகிற மாதிரிதான், எனக்கு அதுதான் சரி என்று பட்டது. மைக்கல்லைத் தேடினால் காணோம். திரும்பினால் கூய் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் மைக்கல்.

"நான் பாக்க மாட்டேன். நீ எழுது. எனக்கு அழணும்னு இருக்கு, நான் அழறேன். மை மட்டும் அரைச்சுத் தரேன்" என்றான்.

ஒவ்வொரு இடைவெளி முடிந்ததும் தூரிகையால் தாளைத் தட்டுவேன். அவன் அழுவான். முதல் ஐந்துக்கு ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதான். பன்னிரண்டுக்குள் தொண்டை கட்டிவிட்டது, மூக்கை மட்டும் உறிஞ்சினான். இருபதில் உள்ளேயிருந்து இவர் குழறினார், "போதும்டா, தலை வலிக்குது" என்று. முப்பதுக்கு அப்புறம் மை அரைக்கிற சத்தம் மட்டும்தான்.

குளிர்வாசல் பக்கத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கோவ் மதியம் வந்து பார்த்து எழுதிக்கொண்டு, மற்ற இரண்டு பேருக்கும் எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். இடம் ஒரு எழுத்துக்குத்தான் இருந்தது, தூரிகையைக் கூர்மையாக நனைத்துக்கொண்டேன். எழுதியதும், சரியாக வந்திருக்கிறதா என்று அந்த வரி முழுவதையும் இந்தத் தாளிலும் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்:

இந்த இடத்தில் ஆழமாகக் குத்தக் கூடாது.